அத்தியாயம் 6: ஃபெடரல் நீதிமன்றத்தில் நீங்களே பிராது தாக்கல் செய்வது

அமெரிக்காவில் வக்கீல் வைக்காமல் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகிறவர்களின் பிராதுகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. முதல் பக்கத்திலேயே முதலாவது, நான்காவது, ஐந்தாவது, பதினான்காவது திருத்தங்கள் வரிசை கட்டி நிற்கும். யார், எந்தத் தேதியில், என்ன செய்தார் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரசியலமைப்பை உரக்கச் சொன்னால் நீதிபதி நிமிர்ந்து உட்காருவார் என்ற நம்பிக்கைதான் காரணம். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது. முதலில் பிரதிவாதி, அடுத்து அவர்மேல் வழக்குப் போட இடம் தரும் சட்டப்பிரிவு, அதற்குப் பின் நடந்த உண்மைகள், கடைசியில்தான் திருத்தம். இது நடை அழகுக்காகச் சொல்லும் யோசனை அல்ல. அமெரிக்க அரசியலமைப்புத் திருத்தங்கள் வேலை செய்யும் விதமே அப்படி.

இங்கே பேசுவது ஒரு வகை வழக்கைப் பற்றி மட்டும்: அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் உரிமையை மீறினார் என்று தொடுக்கும் சிவில் வழக்கு. நாடு முழுவதும் 94 ஃபெடரல் மாவட்டங்கள் உள்ளன. சிவில் நடைமுறை விதிகள் எல்லாவற்றுக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு மாவட்டமும் தனக்கென உள்ளூர் விதிகள் வைத்திருக்கிறது. தன் வழக்கைத் தானே நடத்தும் உரிமை 1789-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் அது உங்கள் வழக்குக்கு மட்டும்தான். மனைவிக்காகவோ, உங்கள் கம்பெனிக்காகவோ, பெரும்பாலான நீதிமன்றங்களில் உங்கள் குழந்தைக்காகவோகூட நீங்கள் வாதாட முடியாது.

உரிமை ஓரிடத்தில், வழி வேறிடத்தில்

1791-ல் ஏற்கப்பட்ட முதல் பத்துத் திருத்தங்கள் ஃபெடரல் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833-ல் பேரன் எதிர் பால்டிமோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகராட்சி செய்த வேலைகளால் தன் துறைமுக மேடையருகே மணல் சேர்ந்து கப்பல் வர முடியாமல் போனவர் ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி இழப்பீடு கேட்டார், கிடைக்கவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-ல் வந்த பதினான்காம் திருத்தம்தான் மாநிலங்களையும் கட்டியது. அதன் வழியாகவே, வழக்கு வழக்காக, முதல் பத்தின் பெரும்பகுதி மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பொருந்தலாயிற்று. அந்தத் திருத்தத்திலும், மீறியவர்மேல் பணம் கேட்டு வழக்குப் போடலாம் என்று ஒரு வரி கிடையாது. அமல்படுத்தும் அதிகாரத்தைக் காங்கிரசிடம் கொடுத்ததோடு அது நின்றுவிட்டது. தெற்கு மாநிலங்களில் கூ கிளக்ஸ் கிளான் வெறியாட்டம் ஆடியபோது, 1871-ல் காங்கிரஸ் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒரு சட்டம் இயற்றியது. அதன் ஒரு பகுதியே இன்று அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் தலைப்பு 42, பிரிவு 1983 எனப்படுகிறது. அதுவும் தொண்ணூறு ஆண்டுகள் பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. 13 சிகாகோ காவலர்கள் அதிகாலையில் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்த மன்ரோ எதிர் பேப் வழக்கில், 1961-ல்தான் அதற்கு உயிர் வந்தது. மாநிலச் சட்டத்தையே மீறி நடந்த அதிகாரியும் அதிகாரத்தின் போர்வையில் நடந்தவரே என்று நீதிமன்றம் சொன்னது.

அரசியலமைப்புதான் உச்ச சட்டம் என்றால், அதைக் காட்டி வழக்குப் போட இன்னொரு சட்டத்தின் தயவு எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே எழும். அங்கே பிரிவு 32-ம் 226-ம் ரிட் மனுவுக்கான வழியை அரசியலமைப்புக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அமெரிக்க ஆவணத்தில் அதற்கு இணையான பொதுப் பிரிவு இல்லை. உச்ச சட்டம் என்று சொல்லும் பிரிவு தன்னளவில் வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தராது என்று 2015-ல் ஆம்ஸ்ட்ராங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும்விட்டது. பதினைந்தாம் திருத்தத்தின் கதை இன்னும் கசப்பானது. இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-ல் எழுதி வைத்தார்கள். தெற்கு மாநிலங்களில் அது நடைமுறைக்கு வர 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே பிராதில் "பதினான்காம் திருத்தத்தின்படி" என்று மட்டும் எழுதாதீர்கள். "பிரிவு 1983-ன் கீழ், பதினான்காம் திருத்த மீறலுக்காக" என்று எழுதுங்கள்.

முதலில் பிரதிவாதியை முடிவு செய்யுங்கள்

வழக்கு நிற்குமா விழுமா என்பது பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும். இங்கே குறுக்கே நிற்பதும் ஒரு திருத்தம்தான். சவுத் கரோலினாவைச் சேர்ந்த ஒருவர் சுதந்திரப் போரின்போது வழங்கிய சரக்குக்கு ஜார்ஜியா மாநிலம் பணம் தரவில்லை. அவருடைய சொத்தை நிர்வகித்த சிசம் வழக்குப் போட்டார். 1793-ல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. கடனில் மூழ்கியிருந்த மாநிலங்கள் பதறிப்போய் 1795-க்குள் பதினோராம் திருத்தத்தை ஏற்றன. வேறு மாநிலத்தவரோ வெளிநாட்டுக் குடிமக்களோ ஒரு மாநிலத்தின்மேல் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்கிறது அது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அந்த வாசகத்திலேயே நேரடியாக வருகிறார். சொந்த மாநிலத்தவருக்கும் இதே தடை உண்டு என்று 1890-ல் ஹான்ஸ் வழக்கு நீட்டித்தது. உரிமை தரும் திருத்தங்களை மட்டும் படித்துவிட்டு இதைப் படிக்காமல் எழுதும் பிராது முதல் சுற்றிலேயே விழும்.

1. மாநில அரசு, அதன் துறைகள். நஷ்டஈடு கேட்டுப் போடாதீர்கள். பிரிவு 1983-ல் வரும் "நபர்" என்ற சொல் மாநிலத்தைக் குறிக்காது என்பது 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தொடர்ந்து நடக்கும் மீறலை நிறுத்தச் சொல்லி, பொறுப்பிலுள்ள அதிகாரியை அவரது பதவியின் பெயரில் சேர்க்கலாம். 1908-ஆம் ஆண்டின் எக்ஸ் பார்ட்டி யங் தீர்ப்பு திறந்த வழி இது.

2. நகராட்சி, கவுண்டி. இவற்றுக்குப் பதினோராம் திருத்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் ஊழியர் தவறு செய்தார் என்பதற்காக மட்டும் நகராட்சி பொறுப்பாகாது. 1978-ஆம் ஆண்டின் மொனெல் தீர்ப்புப்படி, மீறல் அதன் கொள்கையிலிருந்தோ நிலைத்துவிட்ட வழக்கத்திலிருந்தோ வந்ததாகக் காட்ட வேண்டும்.

3. மாநில அல்லது உள்ளூர் அதிகாரி, தனி நபராக. நஷ்டஈட்டுக்கு முக்கிய வழி இதுவே. "தனிப்பட்ட பொறுப்பில்" என்று பிராதில் வெளிப்படையாக எழுதுங்கள். அதை விட்டுவிட்டால், பதவியின் பெயரில் மட்டும் வழக்குப் போட்டதாகச் சில நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும்.

4. ஃபெடரல் அதிகாரி. பிரிவு 1983 இவர்களுக்குப் பொருந்தாது. 1971-ஆம் ஆண்டின் பிவென்ஸ் தீர்ப்பு ஒரு சிறு வழியைத் திறந்தது. 2022-ல் எக்பர்ட் எதிர் பூல் தீர்ப்பு அதை ஏறக்குறைய அடைத்துவிட்டது. காயம், சொத்துச் சேதம் போன்றவற்றுக்கு, படிவம் 95-ஐ நிரப்பி முதலில் அந்தத் துறையிடமே கோரிக்கை வைக்க வேண்டும். கெடு இரண்டு ஆண்டு. அது எழுத்து மூலம் மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் வழக்கு.

5. தனியார் நிறுவனம், வீட்டு உரிமையாளர், அண்டைவீட்டார். பதினான்காம் திருத்தம் தனியாரைக் கட்டாது. 1883-லேயே தீர்ந்த விஷயம் இது. அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தம் தனியாரையும் கட்டும். அதன் அடியில் 1866-ல் பிறந்த சட்டத்தின் வாரிசான பிரிவு 1981, ஒப்பந்தங்களில் இனப் பாகுபாடு காட்டும் தனியார்மேல் வழக்குப் போட இடம் தருகிறது.

நீதிபதியையும் அரசு வழக்கறிஞரையும் பிரதிவாதிப் பட்டியலில் சேர்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். தீர்ப்பு வழங்கும் வேலைக்கும் குற்ற வழக்கு நடத்தும் வேலைக்கும் அவர்களுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. மாநில நீதிமன்றத்தில் தோற்ற வழக்கை ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் மாற்றி எழுதித் தரும் என்பதும் வீண் எதிர்பார்ப்பு. அது மேல்முறையீட்டு நீதிமன்றம் அல்ல.

குறிப்பு: குடியுரிமை இல்லாதவர் வழக்குப் போட முடியாது என்ற பயம் வேண்டாம். பதினான்காம் திருத்தத்தின் சம பாதுகாப்பும் உரிய நடைமுறையும் "நபர்" எவருக்கும் உரியவை. சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை நடத்திய சீனரான யிக் வோ 1886-ல் அந்தச் சொல்லை வைத்தே வென்றார். ஆனால் பிராது ஒரு பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் விசா நிலையில் சிக்கல் இருந்தால், தாக்கல் செய்யுமுன் குடியேற்ற வக்கீல் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

எழுதத் தொடங்குமுன் கெடுவைக் கணக்கிடுங்கள்

பிரிவு 1983-க்கென ஃபெடரல் சட்டத்தில் காலவரையறை எழுதப்படவில்லை. சம்பவம் நடந்த மாநிலத்தில் உடற்காய வழக்குகளுக்கு என்ன கெடுவோ அதுவே இதற்கும். கலிஃபோர்னியாவிலும் டெக்சசிலும் இரண்டு ஆண்டு, நியூயார்க்கில் மூன்று, டென்னசியில் ஒன்றே ஒன்று. பொதுவாக, தீங்கு நேர்ந்ததை நீங்கள் அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. துறையிடம் புகார் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதால் அது நிற்கும் என்று நம்பாதீர்கள். வேலையிடப் பாகுபாடு வேறு கணக்கு: சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாளில், பல மாநிலங்களில் 300 நாளில் புகார் கொடுக்க வேண்டும். அது தரும் அனுமதிக் கடிதம் கிடைத்த 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

அதிகாரியின் பெயர் தெரியாமல் "ஜான் டோ" என்று எழுதிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து. கெடு முடிந்த பின் உண்மைப் பெயரைச் சேர்க்கப் பல நீதிமன்றங்கள் விடுவதில்லை. பொது ஆவணக் கோரிக்கை மூலம் பணிப் பட்டியல், உடல்கேமரா பதிவு, சம்பவ அறிக்கை ஆகியவற்றை முதல் மாதத்திலேயே கேளுங்கள். பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி ஒரு கடிதமும் அனுப்புங்கள்.

எச்சரிக்கை: அதே சம்பவத்துக்காக உங்கள்மேல் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால், பிராதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் அரசுத் தரப்பு பயன்படுத்தக்கூடும். ஐந்தாம் திருத்தம் தரும் மௌனத்தை உங்கள் கையாலேயே கைவிட்டதாக ஆகிவிடும். குற்ற வழக்கு வக்கீலைக் கேட்காமல் எதையும் தாக்கல் செய்யாதீர்கள். தண்டனை ஏற்கெனவே உறுதியாகியிருந்தால், அந்தத் தண்டனையே தவறு என்று பொருள்படும் நஷ்டஈட்டு வழக்கு, அது ரத்தாகும்வரை நிற்காது என்று 1994-ல் ஹெக் தீர்ப்பு சொல்கிறது.

பிராதை எழுதும் வரிசை

சிவில் நடைமுறை விதி 8 கேட்பது மூன்றுதான்: நீதிமன்றத்தின் அதிகார வரம்பு, உங்கள் கோரிக்கைக்கான அடிப்படை, வேண்டும் பரிகாரம். "சுருக்கமான, தெளிவான" கூற்று போதும் என்கிறது விதி. ஆனால் 2007-ன் டுவாம்ப்ளி, 2009-ன் இக்பால் தீர்ப்புகளுக்குப் பிறகு வெறும் குற்றச்சாட்டுச் சொற்கள் போதாது. எழுதியிருக்கும் உண்மைகளை மட்டும் வைத்துப் பார்த்தால், பொறுப்பு இருப்பது நம்பத்தகுந்ததாகத் தெரிய வேண்டும். வக்கீல் இல்லாதவரின் பிராதைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று 1972-லும் 2007-லும் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். தாராளம் உங்கள் மொழிக்கும் வடிவத்துக்கும்தான். நீங்கள் எழுதாத உண்மையை நீதிபதி தானாக ஊகித்துச் சேர்க்க மாட்டார். தவறான பிரிவைக் குறிப்பிட்ட பிராது பிழைப்பதுண்டு. தேதியும் செயலும் இல்லாத பிராது பிழைப்பது அரிது.

1. நீதிமன்றங்களின் பொது இணையதளத்தில் "ப்ரோ சே 15" என்ற படிவத்தை எடுங்கள். சிறையில் இல்லாதவர் தொடுக்கும் சிவில் உரிமை வழக்குக்கு உரியது அது. சிறையிலிருப்பவருக்கு 14.

2. தலைப்பில் எல்லா வாதி, பிரதிவாதிகளின் பெயரும் வர வேண்டும். எந்த மாவட்டம் என்பதற்கு, சம்பவத்தின் முக்கியப் பகுதி நடந்த இடத்தைப் பாருங்கள்.

3. அதிகார வரம்புக்குத் தலைப்பு 28, பிரிவு 1331-ஐ எழுதுங்கள். ஃபெடரல் சட்டக் கேள்வி எழுகிறது என்பது காரணம். இதில் குறைந்தபட்சத் தொகை கிடையாது. 75,000 டாலருக்கு மேல் வேண்டும் என்ற நிபந்தனை வெவ்வேறு மாநிலத்தவருக்கு இடையிலான, ஃபெடரல் சட்டக் கேள்வி இல்லாத வழக்குகளுக்கு உரியது.

4. உண்மைகளை எண்ணிட்ட பத்திகளாக எழுதுங்கள். ஒரு பத்தியில் ஒரு நிகழ்வு. ஒவ்வொரு பிரதிவாதியும் தனியாக என்ன செய்தார் என்பது தெரிய வேண்டும். "பிரதிவாதிகள் அனைவரும்" என்று மொத்தமாகச் சுமத்தாதீர்கள்.

5. அதன் பிறகே சட்டக் கோரிக்கை. எந்தப் பத்திகளில் உள்ள செயல், எந்தத் திருத்தத்தை மீறியது, எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள்.

6. பரிகாரம்: எவ்வளவு நஷ்டஈடு, எந்தச் செயலை நிறுத்த உத்தரவு. பொருந்தாத பெருந்தொகை எழுதினால் மதிப்புதான் குறையும்.

7. ஜூரி வேண்டுமானால் பிராதிலேயே கேளுங்கள். இருபது டாலருக்கு மேற்பட்ட சிவில் வழக்கில் ஜூரி உரிமையை ஏழாம் திருத்தம் காக்கிறது. 1791-ன் தொகை இன்றும் மாறவில்லை. இவ்வளவு உறுதியாக எழுதப்பட்ட உரிமையும் விதி 38 சொல்லும் 14 நாள் கெடுவுக்குள் கேட்காவிட்டால் போய்விடும்.

8. நீங்களே கையெழுத்திடுங்கள், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் சேருங்கள். விதி 11-ன்படி அந்தக் கையெழுத்து ஓர் உறுதிமொழி: எழுதியதற்கு ஆதாரம் உண்டு, தொல்லை கொடுப்பது நோக்கமல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. நடைபாதையில் நின்று காவலரைக் கைப்பேசியில் படம் பிடித்தவரின் கைப்பேசி பிடுங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். "பிரதிவாதி கொடூரமாக என் அரசியலமைப்பு உரிமைகளை நசுக்கினார்" என்ற வாக்கியம் இக்பால் தீர்ப்பின்முன் காற்றுதான். "மார்ச் 4 மாலை 5.40 மணியளவில் வாதி பொது நடைபாதையில், பிரதிவாதியிடமிருந்து சுமார் இருபது அடி தள்ளி நின்றார். யாருக்கும் வழி மறிக்கவில்லை. பிரதிவாதி கைப்பேசியை வாதியின் கையிலிருந்து எடுத்தார். பிடிவாரண்டோ சோதனை வாரண்டோ காட்டவில்லை. திரையைத் திறந்து காணொளியை நீக்கினார்." இந்த ஐந்து வாக்கியங்களில் ஒரு திருத்தத்தின் பெயரும் இல்லை. ஆனால் முதலாவதும் நான்காவதும் அவற்றுக்குள் முழுதாக இருக்கின்றன. கைதானவரின் கைப்பேசியைத் துழாவவே வாரண்ட் வேண்டும் என்று 2014-ன் ரைலி தீர்ப்பு சொல்கிறது.

இந்த அளவுக்கு உண்மைகளைச் செதுக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தனி அதிகாரியின் முதல் கேடயம், தகுதிசார் பாதுகாப்பு எனப்படும் கோட்பாடு. அவர் மீறியது தெளிவாக நிலைநாட்டப்பட்ட உரிமையாக இருந்தால்தான் நஷ்டஈடு. இதே போன்ற உண்மைகளில் முன்பே தீர்ப்பு உண்டா என்று நீதிமன்றம் தேடும். ஒரு திருத்தத்தின் பெயரை இன்னொரு வழக்கின் உண்மைகளோடு ஒப்பிட முடியாது. உண்மைகளைத்தான் உண்மைகளோடு ஒப்பிட முடியும்.

குறிப்பு: முன்தீர்ப்புகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு அப்படியே ஒட்டாதீர்கள். இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 2023-ல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் வக்கீல்களுக்கே 5,000 டாலர் அபராதம் விதித்தது. பிராதில் தீர்ப்புகளை அடுக்க வேண்டிய தேவையும் இல்லை. அது பின்னால் எழுதும் வாதக் குறிப்புக்கு உரியது.

தாக்கல் நாளன்று

கட்டணம் இப்போது 405 டாலர்: சட்டப்படி 350, நிர்வாகக் கட்டணம் 55. கட்ட இயலாதவர் வருமானம், சொத்து, செலவுகளைப் பொய்ச்சத்தியத் தண்டனைக்கு உட்பட்டு எழுதிக் கொடுத்து விலக்குக் கேட்கலாம். விலக்குக் கேட்டவரின் பிராதை, எதிர்த்தரப்புக்குப் போகுமுன்னரே நீதிபதி சலித்துப் பார்ப்பார். உப்புச்சப்பில்லாதது என்று தோன்றினால் அங்கேயே தள்ளுபடி செய்வார். விலக்குக் கிடைத்தால் ஒரு நன்மை உண்டு: சம்மனைச் சேர்க்கும் வேலையை அமெரிக்க மார்ஷல் செய்வார்.

பிராதோடு சேர வேண்டியவை: சிவில் முகப்புத் தாள், அதாவது ஜே.எஸ். 44, ஒவ்வொரு பிரதிவாதிக்கும் ஒரு சம்மன் படிவம், கட்டணம் அல்லது விலக்கு மனு. கிளார்க் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம். வக்கீல் இல்லாதவர் மின்வழி தாக்கல் செய்யலாமா என்பதை உள்ளூர் விதி சொல்லும். கிளார்க் படிவம் தருவார், சட்ட ஆலோசனை தரமாட்டார். சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் வங்கிக் கணக்கு எண்ணிலும் கடைசி நான்கு இலக்கம் மட்டும், பிறந்த தேதியில் ஆண்டு மட்டும், சிறுவர் பெயரில் முதலெழுத்துகள் மட்டும் விடுங்கள். மறைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. கிளார்க் பார்த்துத் திருத்த மாட்டார். தமிழில் உள்ள கடிதங்கள், ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் சான்றோடு ஆங்கில வடிவம் வையுங்கள். அரசு தொடுக்காத சிவில் வழக்கில் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் தன் செலவில் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

சம்மன் சேர்ப்பதும் அதற்குப் பிறகும்

1. சம்மனில் கிளார்க்கின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். தாக்கல் செய்த 90 நாளுக்குள் பிராதின் நகலோடு பிரதிவாதிக்குச் சேர வேண்டும்.

2. நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. வழக்கில் தரப்பாக இல்லாத, 18 வயது நிரம்பிய எவரும் கொடுக்கலாம். பிரதிவாதி வீட்டு வாசலில் வாக்குவாதம் நேராமல் இருக்கவும் இந்த விதி நல்லது.

3. தனி நபரானால் முறைப்படி சேர்ப்பதை விட்டுக்கொடுக்கும்படி தபாலில் கேட்கலாம். ஒப்புக்கொண்டால் அவருக்குப் பதிலளிக்க 60 நாள் கிடைக்கும். இல்லாவிட்டால் 21 நாள். நகராட்சிக்கோ மாநிலத்துக்கோ இந்தக் குறுக்குவழி கிடையாது.

4. ஃபெடரல் அரசானால் அந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர், வாஷிங்டனில் உள்ள அட்டர்னி ஜெனரல், சம்பந்தப்பட்ட துறை என மூவருக்கும் சேர வேண்டும். ஒன்றை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

5. சேர்த்ததற்கான சான்றைத் தாக்கல் செய்யுங்கள். முகவரி மாறினால் அன்றே நீதிமன்றத்துக்கு எழுதுங்கள். கைக்கு எட்டாத கடிதத்தால் தள்ளுபடியாகும் வழக்குகள் உண்டு.

முதலில் வருவது பெரும்பாலும் எதிருரை அல்ல, தள்ளுபடி கோரும் மனு. பயப்படாமல் அதைப் பாடமாகப் படியுங்கள். உங்கள் பிராதின் ஓட்டைகளை எதிர்த்தரப்பு வக்கீல் இலவசமாகப் பட்டியலிட்டிருப்பார். அது வந்து சேர்ந்த 21 நாளுக்குள் பிராதை ஒரு தடவை யார் அனுமதியும் இல்லாமல் மாற்றி எழுதலாம் என்கிறது விதி 15. பதில் எழுதுவதா, மாற்றி எழுதுவதா என்ற குழப்பம் வந்தால், விடுபட்ட உண்மை கையில் இருக்கும்போது மாற்றி எழுதுவதே மேல்.

தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணமும் நம் தலையில் விழுமா? சிவில் உரிமை வழக்கில், அடிப்படையே இல்லாத வழக்கு என்று நீதிமன்றம் கண்டால்தான் அது விழும். நீங்கள் வென்று, வக்கீலும் வைத்திருந்தால், அவர் கட்டணத்தைப் பிரதிவாதியிடம் கேட்கலாம். அதனால்தான் வலுவான வழக்கை ஏற்கும் வக்கீல்கள் உண்டு. வக்கீல் கிடைக்கும் வாய்ப்பிருந்தால் இந்த அத்தியாயத்தை ஒதுக்கிவிட்டு அவரிடம் போவதே புத்திசாலித்தனம். கிடியன் தீர்ப்பு தந்த இலவச வக்கீல் உரிமை குற்ற வழக்குக்கு மட்டும்; சிவில் வழக்குக்கு இல்லை.

சட்டமே எதிராக இருந்தால்

வழக்கைச் சரியாக எழுதியும் பதினோராம் திருத்தம் போன்ற ஒன்றால் தோற்பவர் கேட்கும் கேள்வி நியாயமானது: அரசியலமைப்பையே மாற்ற முடியாதா? முடியும், நடந்தும் இருக்கிறது. கறுப்பினத்தவருக்குக் குடியுரிமை மறுத்த ட்ரெட் ஸ்காட் தீர்ப்பைப் பதினான்காம் திருத்தமும், 1895-ன் வருமானவரித் தீர்ப்பைப் பதினாறாம் திருத்தமும், 1970-ல் வாக்கு வயது பற்றி வந்த தீர்ப்பை இருபத்தாறாம் திருத்தமும் கவிழ்த்தன. ஆனால் தனி மனிதர் மனுப்போட்டுத் திருத்தம் கொண்டுவர வழியில்லை, பொதுவாக்கெடுப்பும் இல்லை. அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு சொல்லும் படிகள் இவை.

1. காங்கிரசின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு. அல்லது 34 மாநிலங்கள் கேட்டு ஒரு மாநாடு. இது இதுவரை கூடியதே இல்லை.

2. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டாம்.

3. 38 மாநிலங்களின் ஏற்பு, சட்டமன்றங்கள் வழியாகவோ மாநாடுகள் வழியாகவோ. மாநாடுகளை நாடியது ஒரே முறை: 1933-ல் மதுவிலக்கை நீக்கியபோது.

4. தேசிய ஆவணக் காப்பாளரின் சான்று.

காங்கிரஸ் அனுப்பியவை 33, ஏற்கப்பட்டவை 27. இந்தியாவில் நூற்றுக்கும் மேல் என்பதை நினைத்தால் வேகம் புரியும். மிக விரைவானது இருபத்தாறாவது: 1971 மார்ச் 23-ல் அனுப்பி ஜூலை 1-க்குள் முடிந்தது. மிக மெதுவானது இருபத்தேழாவது: 1789-ல் அனுப்பி 1992-ல் முடிந்தது. அதைத் தூசி தட்டி எழுப்பியவர் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன். அதைப் பற்றி 1982-ல் எழுதிய கட்டுரைக்கு அவருக்குக் கிடைத்தது சி தரம். மாநில சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதி எழுதியே அவர் காரியத்தை முடித்தார். ஆகவே திருத்தம் வேண்டுமென்றால் உங்கள் முகவரி நீதிமன்றம் அல்ல, சட்டமன்றம்.

திருத்தம் வந்தால் அது நிலுவையிலுள்ள வழக்கையும் தொடக்கூடும். பதினோராவது ஏற்கப்பட்டபின், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வழக்குகளும் அதன் கீழ் விழும் என்று 1798-ல் ஹாலிங்ஸ்வொர்த் எதிர் வர்ஜீனியா தீர்ப்பு சொன்னது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவையில்லை என்பதும் அதே வழக்கில் தீர்ந்ததுதான்.

இன்று மாலையே ஒரு தாளில் சம்பவத் தேதியையும், உங்கள் மாநிலக் கெடு முடியும் நாளையும், ஒவ்வொரு பிரதிவாதியின் பெயரையும் எழுதுங்கள். பெயருக்கு எதிரே அவர் செய்தது என்ன என்று ஒரு வாக்கியம் எழுத முடியாவிட்டால், அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.